குதிரை 187, பட்டத்தரசி 0

ஜூன் 3, செவ்வாய்

இடது கடைவாய்ப் பல் மறுபடியும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. குதிரை நூற்று எண்பத்தேழு தடவை பேசியிருக்கிறது.

இன்றைக்கு இவ்வளவுதான் செய்தி. பல்லுக்குக் கிராம்பு வைத்தேன். குதிரைக்கு நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகப் போட்டுக் கூட்டி, அடியில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன். முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும்?

நூலகத்தின் மாத இதழில் எனக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஓய்வு பெற்றதிலிருந்து எழுதி வருகிறேன். போன மாதம் நூலகர் கூப்பிட்டார். "டீச்சர், கந்தகக் கோட்டை நாவல் வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. விழா எடுக்கிறோம். உங்க பக்கத்துல நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க." ஆறு பாகங்களையும் நூலகத்திலிருந்தே எடுத்து வந்தேன். கடைகளில் கிடைப்பதில்லை, பதினைந்து வருடமாகப் பதிப்பிலேயே இல்லை. புதுப்பதிப்பு அந்த விழாவில்தான் வெளிவரப் போகிறது.

நல்ல கதை. முதல் பாகத்தைப் படிக்கையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. நாயகன் கரும்புரவி வீரனுக்கு எழுத்தறிவு கிடையாது. எழுத்தர் மகள் ஒருத்தி அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள்; பழைய ஓலைகளைப் படித்து மலைக்கணவாய்க்கு வழி கண்டுபிடிப்பதும் அவள்தான். முதல் இரண்டு பாகங்களில் அவள் தொண்ணூற்றாறு தடவை பேசுகிறாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் அவனை மணந்து பட்டத்தரசி ஆகிறாள்.

அதன் பிறகு நாலு பாகத்தில் எத்தனை தடவை பேசுகிறாள்?

பூஜ்யம். இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். தலைப்பு: "வாயுள்ள குதிரை பிழைக்கும்." நூலகர் முதல் பத்தியை நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

இதழ் வந்தது. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

"'இந்த ஆறு பாகங்களில் குதிரை நூற்று எண்பத்தேழு தடவை பேசுகிறது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து நூற்று அறுபத்து மூன்று. பெயருள்ள பெண்கள் பதினொரு பேர். அவர்களில் எட்டுப் பேர் சாகிறார்கள். எட்டுச் சாவுக்கும் ஒரே வேலைதான்: நாயகனுக்குக் கோபம் வர வேண்டும். பட்டத்தரசி மூன்றாம் பாகம் முதல் ஒரு சொல்லும் பேசவில்லை.'" நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நம்ம வீட்டுல யாரு எத்தனைன்னு எண்ணிடாதே. நான் குதிரையை விடக் கம்மி."

சிரித்து முடிப்பதற்குள் மகனின் அழைப்பு. அவன் கந்தகக் கோட்டை வாசகர் மன்றத்தின் செயலாளர். விழாவே அவன் ஏற்பாடுதான்.

"ம்மா, இது என்னம்மா?"

"கட்டுரை."

"அது தெரியுது. நான் செயலாளர்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

"செயலாளரோட அம்மா படிப்பான்னு தெரிஞ்சிருந்தா, குதிரை கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்குமா?"

வைத்துவிட்டான். நான் அப்படிக் குத்தியிருக்க வேண்டாம். ஆனால் கேள்வி சரியானதுதான்.

ஜூன் 17, செவ்வாய்

நூலகத்தின் வலைப்பக்கத்தில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் "பார்க்காதே" என்றார். பார்த்தேன். விடைத்தாள் வந்தால் திருத்தாமல் வைக்க முடியுமா?

"வயசான காலத்துல பேரன் பேத்தியைப் பார்த்துக்கிட்டு இருக்கலாமே." பேரன் பேத்தி இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே எண்ண முடியும்.

"இது வெறும் கதை. இதுக்குப் போய் இவ்வளவா?" என்று ஒருவர். "இது கதை இல்லை, எங்க உயிர்" என்று இன்னொன்று. கீழே பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள். இடையில் இருபது நிமிஷம்.

"அந்தக் காலத்தில் பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள்." இதை மட்டும் பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். எந்தக் காலம் ஐயா அது? இந்தக் கதையில் மலை நடக்கிறது. கந்தகப் புகையில் செத்தவன் எழுந்து வருகிறான். குதிரை வானிலை சொல்கிறது. இவ்வளவையும் கற்பனை செய்தவருக்குக் கல்யாணமான பெண் வாயைத் திறப்பதை மட்டும் கற்பனை செய்ய வரவில்லையா?

ஒன்று மட்டும் தைத்தது. "முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்களுக்கு இப்படி அரைகுறையாப் படிச்சுத்தான் சொல்லிக் குடுத்தியா?"

அரைகுறையா? நானா?

ஜூன் 19, வியாழன்

பல் மருத்துவரிடம் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்து, ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிவிட்டு, அதன் பிறகு ஆரம்பித்தார்.

"உங்க கட்டுரை படிச்சேன் டீச்சர்."

"ஆங்."

"பெரிசாத் திறங்க. நான் பதினாறு வயசுலேர்ந்து அந்தக் கதைக்கு அடிமை. குதிரை வெறும் குதிரையா டீச்சர்? அது அவனோட மனசாட்சி. அதைப் போய்க் கோடு போட்டு எண்ணலாமா?"

"ஆ... ங்ஆ..."

"அசையாதீங்க."

வாழ்க்கையில் நான் பதில் சொல்லாமல் இருந்த ஒரே விவாதம் இதுதான். நல்ல வேளையாகக் கொப்பளிக்கச் சொன்னார். துப்பிவிட்டு, மரத்த வாயோடு சொன்னேன்: "அவன் மனசாட்சி கூட ஆம்பளைதானா, டாக்டர்?"

பக்கத்தில் நின்ற உதவிப் பெண்ணின் முகக்கவசம் குலுங்கியது. மருத்துவர் சிரிக்கவில்லை. தட்டில் கருவியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பட்டத்தரசி பேசவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பேசுறா டீச்சர். அஞ்சாம் பாகம். முந்நூத்தி பதினொண்ணாம் பக்கத்துல அந்தப் படம் இருக்குமே, வீரன் ஓலை படிக்கிற படம்? அதுக்கு அடுத்த பக்கம். படிக்காம எழுதலாமா?"

"என்ன பேசுறா?"

அவர் யோசித்தார். கூரையைப் பார்த்தார்.

"அது ஞாபகம் இல்லை. ஆனா பேசுறா."

அவரிடமிருந்த புத்தகங்களை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம். வீட்டுக்கு வரும்வரை கன்னம் மரத்தே இருந்தது. மரத்தது பல்லால் மட்டும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஐந்தாம் பாகத்தைப் பிரித்தோம். முந்நூற்றுப் பத்து. அடுத்தது முந்நூற்றுப் பதின்மூன்று.

ஒரு தாள் இல்லை. தைத்த இடத்தை ஒட்டி, பிளேடால் நேர்கோடாக வெட்டியிருக்கிறது. கிழிசல் கூட இல்லை. படத்துக்காக எடுத்திருக்கிறார்கள்.

"படம் உள்ள பக்கம் எதுவும் இங்க தங்காது டீச்சர்" என்றார் நூலகர். "ரசிகர்கள் அவ்வளவு பிரியமா இருந்தாங்க."

வெட்டிய தாளுக்கு முன்னால் ஒரு அத்தியாயம் முடிகிறது. பின்னால் புதியது தொடங்குகிறது. அதனால் படிக்கும்போது இடறவில்லை. இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்! எத்தனை ஆயிரம் விடைத்தாள் வாங்கியிருப்பேன்? தாள் குறைகிறதா என்று பக்க எண் பார்த்துவிட்டுத்தான் பையனையோ பெண்ணையோ வெளியே விடுவேன். யாரோ ஒரு ரசிகன் தன் உயிர் நாயகனின் படத்தை வெட்டியிருக்கிறான். அரசி பேசியது அதன் முதுகில் போய்விட்டது. நான் பூஜ்யம் போட்டுவிட்டேன்.

என் தப்புதான். என் தப்பேதான்.

ஜூன் 21, சனி

பல் வலி இல்லை. வேறெல்லாம் வலிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நூலகக் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு தட்டச்சுத் தாள். தேநீரைத் தொடவில்லை.

"விஷயம் பரவிடுச்சும்மா. நாவலாசிரியர் காதுக்கும் போயாச்சு. ஆறாம் தேதி விழாவுல இதை நீங்களே வாசிச்சிட்டா சுமுகமா முடிஞ்சிடும்."

தாளில் நாலு வரி. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேனாம். முழுமையாகப் படிக்காமல் எழுதியதற்கு வருந்துகிறேனாம்.

"பத்து கணக்குல ஒண்ணு தப்பாப் போட்ட பிள்ளைக்கு நீங்க எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒன்பது."

"எனக்கு மட்டும் ஏன் முட்டை?"

அவர் எழுந்துகொண்டார். "வாசிக்கலைன்னா அடுத்த மாசத்திலேர்ந்து உங்க பக்கம் இருக்காதும்மா. வற்புறுத்தறதா நினைக்காதீங்க."

வற்புறுத்தாமல் வேறு என்ன செய்கிறாராம்? அந்த ஒரு பக்கம்தான் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு எனக்கு மிச்சமிருக்கும் கரும்பலகை. அது அவருக்கும் தெரியும்.

இருந்தாலும் தப்பைத் திருத்தத்தான் வேண்டும். என் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கரும்பலகையில் நான் செய்யும் தப்பை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஒரு மதிப்பெண். ஆனால் எங்கே தப்பு, எது சரி என்று முழுசாகச் சொல்ல வேண்டும். "தப்பு டீச்சர்" என்று மட்டும் கத்தினால் கிடையாது.

எது சரி? அரசி என்னதான் பேசினாள்? மன்றத்துக்காரர்கள் ஆறு பேரைக் கேட்டுவிட்டேன். எல்லாருக்கும் படம் ஞாபகம் இருக்கிறது. ஒருவருக்கும் வரி ஞாபகம் இல்லை.

ஜூன் 26, வியாழன்

மகனைக் கேட்டால் தெரியும். வரிக்கு வரி ஒப்பிப்பான். பிறகு சொந்தமாக வாங்கிய புத்தகங்களை மட்டும் இரவல் கொடுத்தே தொலைத்தான். கூப்பிட்டேன்.

"அஞ்சாம் பாகம் முந்நூத்தி பன்னிரண்டுல அரசி என்னடா பேசுறா?"

"உனக்கு எதுக்கு? அதையும் எண்ணறதுக்கா?" வைத்துவிட்டான்.

பதினான்கு வயதில் கால் முறிந்து நாலு மாதம் படுத்திருந்தான். கூட்டாளிகள் முதல் வாரம் வந்தார்கள், பிறகு வரவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் நூலகத்தில் ஏறி ஒவ்வொரு பாகமாக என் அட்டையில் எடுத்து வந்தேன். வலியில் முனகிக்கொண்டிருந்தவன், குதிரை பேசினால் வாய்விட்டுச் சிரிப்பான். அந்தக் குதிரைக்கு நான் கடன்பட்டவள். அதற்காகக் கணக்கை மாற்றி எழுத முடியாது.

என் அட்டையில்...

ஐந்தாம் பாகத்தின் பின்னட்டைச் சீட்டில் யார் யார் எடுத்தார்கள் என்று நாளைக்குப் பார்க்கலாமா? வேண்டாம்.

ஜூன் 28, சனி

மருமகள் போனில், மாடிப்படியில் ஒளிந்து நின்று பேசுவதுபோல் ரகசியமாகப் பேசினாள்.

"அத்தை, நீங்க தேடற பக்கம் எங்க வீட்டுலதான் இருக்கு. அவர் மேசைக்கு மேல, சட்டம் போட்டு."

அந்தப் படத்தை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கடையில் வாங்கியது என்று நினைத்திருந்தேன்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து ஆறு வருஷமா வாரா வாரம் துடைக்கிறேன். அவர் குளிக்கப் போயிருக்கார். பின்னாடி ஆணியெல்லாம் கழட்டிட்டேன். நூலக முத்திரை இருக்கு அத்தை. வாசிக்கட்டுமா?"

"வாசிம்மா."

"'பட்டத்தரசி சொன்னாள்: விளக்கை நான் பிடிக்கிறேன். நீங்கள் ஓலையைப் படியுங்கள்.'"

"அப்புறம்?"

"அப்புறம் அவர் படிக்கிறார். அவ்வளவுதான்." தாளைத் திருப்பும் சத்தம். பிறகு, "அத்தை, படத்தோட ஓரத்துல விளக்கைப் பிடிச்சபடி ஒரு கை இருக்கு. மணிக்கட்டு வரைக்கும்தான். ஆறு வருஷமா துடைக்கிறேன், அது யாரு கைன்னு நான் கேட்டதே இல்லை."

எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். ஓலை படித்து அவனை மலை தாண்ட வைத்தவள். அவள் விளக்குப் பிடிக்கிறாளாம்; அவன் படிக்கிறானாம். பூஜ்யம் என்று எழுதியது தப்பு. ஆனால் பூஜ்யமாகவே இருந்திருந்தால் அவளுக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

ஜூன் 30, திங்கள்

மகன் வந்தான். செருப்பைக் கழற்றாமலேயே நின்றான்.

"சட்டத்தைப் பிரிச்சு வேவு பாக்க வெச்சிருக்கே."

"நான் வெக்கலை. அவளாப் பிரிச்சா. நூலகப் புத்தகத்தை வெட்டினது யாரு?"

"பதினாலு வயசும்மா எனக்கு! உன் பென்சில் சீவுற பிளேடு." செருப்பைத் தரையில் தேய்த்தான். "அந்தப் புத்தகம் எனக்கு என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான்தான்டா சுமந்துட்டு வந்தேன்."

"அப்புறம் ஏம்மா? மன்றத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க. செயலாளரோட அம்மாவே காறித் துப்பிட்டாங்கன்னு."

"உன் காலுக்கு மாவுக்கட்டு போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அது இல்லைன்னா நீ இன்னைக்கு நொண்டி. அதுக்கு நன்றின்னு இப்பவும் அதை மாட்டிக்கிட்டா நடக்குறே?"

சுவரில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மேடையில சொல்லிடுவியா? நான்தான் வெட்டினேன்னு?"

அதற்குத்தான் வந்திருக்கிறான். முப்பத்து நாலு வயது ஆள், மதிப்பெண் அட்டையை ஒளித்து வைத்த பிள்ளை போல நின்றான்.

"உன் பேரைச் சொல்ல மாட்டேன். கட்டுரையையும் திரும்ப வாங்க மாட்டேன். ரெண்டும் வேற வேற கணக்கு."

போய்விட்டான். வீட்டுக்காரர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "நீ கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம்" என்றார். "எதை?" என்று கேட்டேன். யோசித்தார். "அதுதான் எனக்கும் தெரியலை" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. மேடையில் நாவலாசிரியர், தலைவர், ஓரத்தில் மகன். முன்வரிசையில் பல் மருத்துவர். தலைவர் என்னை அழைத்தார். அவர் கொடுத்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு என் தாளை எடுத்தேன்.

"திருத்தம். பட்டத்தரசி மூன்றாம் பாகம் முதல் ஒரு சொல்லும் பேசவில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஆறு சொற்கள் பேசியிருக்கிறாள். நான் படித்த நூலகப் பிரதியில் அந்தத் தாள் வெட்டப்பட்டிருந்தது. பக்க எண்ணைச் சரிபார்க்காதது என் குற்றம். அந்தப் புத்தகம் என் அட்டையில் வெளியே போய் வந்தது. தாளுக்கும் நானே பொறுப்பு. அரசி பேசிய ஆறு சொற்கள் இவை: விளக்கை நான் பிடிக்கிறேன். நீங்கள் ஓலையைப் படியுங்கள். முதல் பாகத்தில் நாயகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான் என்பதை நினைவூட்டுகிறேன். கட்டுரையின் மற்ற வரிகளில் மாற்றம் இல்லை."

தாளை மடித்தேன். அதற்குள் நாவலாசிரியர் தலைவரின் பக்கம் சாய்ந்து கேட்டது ஒலிபெருக்கியில் விழுந்துவிட்டது.

"இது எந்தப் பாகத்துல வருது?"

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். உடனே கூச்சல். "உக்காருங்கம்மா!" "அது அன்பு! அன்புல விளக்குப் பிடிக்கிறா!" "அந்தக் காலத்துல அப்படித்தான்!"

"எந்தக் காலத்துல?" என்றேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. "குதிரை பேசின காலத்துலயா? அன்புன்னா குதிரையை ஒரு தடவை பிடிக்கச் சொல்லுங்க விளக்கை."

தலைவர் என்னை நோக்கி நகர்ந்தார். நான் முடிக்கவில்லை.

"என் வகுப்புல டீச்சர் தப்பைக் கண்டுபிடிச்சவங்களுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. எங்கே தப்புன்னு பல் டாக்டர் சொன்னார். எது சரின்னு சொல்ல அவரால முடியலை. அதைச் சொன்னது இன்னொருத்தர். பேர் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. ஆளுக்கு அரை மதிப்பெண். டாக்டர், எழுந்திருங்க."

பாவம், எழுந்துவிட்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. சிலர் கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் மருமகள் தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள்.

மகன் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த புதுப்பதிப்பில் ஐந்தாம் பாகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அதே பக்கத்தில்தான் இருந்தான்.

ஜூலை 7, திங்கள்

என் பக்கம் நிறுத்தப்பட்டதாகக் கடிதம். இரண்டு வரி. பதிலாகக் குறுக்கெழுத்துப் போட்டி போடுவார்களாம்.

போடட்டும். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இதழ் வந்தது. என் பக்கத்தில் கட்டங்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில், பெட்டி கட்டி, விழா முடிந்ததும் நூலகரிடம் கொடுத்த என் திருத்தம் முழுசாக இருக்கிறது. நூலகரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கட்டுரை வேண்டாம்னுதான் தலைவர் சொன்னார். ஒருத்தர் எழுதினதுக்கு அவரே திருத்தம் குடுத்தா வெளியிட்டே ஆகணும்னு நம்ம இதழ் விதி இருக்கு டீச்சர். அதை எழுதினதே தலைவர்தான்."

ஜூலை 19, சனி

காலையில் நூலகர் வந்தார். பையிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். நூலகத்தின் பழைய பிரதி.

"பிரிச்சுப் பாருங்க."

முந்நூற்றுப் பத்து. முந்நூற்றுப் பதினொன்று. வீரன் ஓலை படிக்கிறான். ஓரத்தில் அந்தக் கை. மெல்லிய காகிதப் பட்டை வைத்து, பசை வழியாமல், நேராக ஒட்டியிருக்கிறது. திருப்பினால் முந்நூற்றுப் பன்னிரண்டு.

"உங்க பையன்தான். ஒரு வாரமா வேலை முடிஞ்சு தினம் வந்தார். ஒட்டினது ஒரு நாள்தான். மிச்ச நாளெல்லாம் ஆறு பாகத்தையும் வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்து ஏதோ எழுதிட்டிருந்தார். இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னார். அவரே வந்து குடுக்கலாமேன்னேன். முறைச்சார்."

நாலாக மடித்த தாள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. பக்கம் முழுக்க. அடியில் அவன் கையெழுத்து:

"குதிரை 187 இல்லை, 189. இரண்டாம் பாகம் பக்கம் 77, நாலாம் பாகம் பக்கம் 203. ரெண்டையும் விட்டுட்டே. மற்றது சரி."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். விட்டுத்தான் இருக்கிறேன்.

மருமகளைப் போனில் கூப்பிட்டேன். "திருத்தம் எண் இரண்டு அனுப்பப் போறேன். விதிப்படி போட்டே ஆகணும். திருத்திச் சொன்னவர் பேரைப் போடலாமான்னு கேளு. அவன் மன்றத்துக்காரங்களும் படிப்பாங்கன்னு சொல்லு."

அவள் திரும்பிக் கேட்டாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு தூரத்திலிருந்து, சிடுசிடுப்பாக:

"போடச் சொல்லு. இனிஷியலோட."

சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டேன். தாளின் ஓரத்தில் இரண்டு மதிப்பெண் போட்டு வட்டமிட்டேன்.